சிவகளை நெல்லின் 3,200 வயது: ஒரு வைரஸ் எடைகூட இல்லாத சாட்சி... இந்தக் குட்டி எடையை எப்படி அளக்கிறார்கள்?

2021 செப்டம்பர் 9. தமிழக சட்டப்பேரவையில் அன்றைய முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் அருகே உள்ள சிவகளையில், முதுமக்கள் தாழி ஒன்றுக்குள் மண்ணோடு மண்ணாகக் கிடந்த நெல்லை அமெரிக்காவின் மியாமி நகரில் உள்ள பீட்டா அனலிடிக் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அதன் காலம் கி.மு. 1155 என்று முடிவு வந்திருக்கிறது. ஆகவே தண்பொருநை நாகரிகத்தின் வயது 3,200 ஆண்டுகள் என்பதுதான் அந்த அறிவிப்பு.

அன்றிலிருந்து இன்றுவரை, பொருநை பற்றி எந்தச் செய்தி போட்டாலும் கமெண்ட்டில் ஒரு கேள்வி கட்டாயம் வந்துவிடுகிறது. "ஒரு நெல்லை வச்சு எப்படிங்க வயசு சொல்றாங்க? சும்மா அடிச்சு விடுறதுதானே?"

கேலியாகக் கேட்டாலும் கேள்வி நியாயமானதுதான். பதில் இருப்பது மிக மிகச் சின்ன எடைகளின் கணக்கில். கிராம், அணு நிறை அலகு, எலக்ட்ரான் வோல்ட் என்று மூன்று அலகுகளுக்கு நடுவே மாறி மாறிப் போய்வரத் தெரிந்தால் அந்த 1155 எங்கிருந்து வந்தது என்பது புரிந்துவிடும். தமிழ் இலக்கியம் படித்தவன் எழுதுகிற இயற்பியல் இது. அதனால் எனக்குப் புரிகிற வேகத்தில்தான் போவேன், நீங்களும் பயப்படாமல் வரலாம்.

நெல்லே ஓர் எடைக்கல்தான்

வேடிக்கை என்னவென்றால், நம் பழைய எடை வாய்பாட்டில் நெல்லே ஓர் அலகு. நான்கு நெல்லெடை ஒரு குன்றிமணி, இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி. குன்றிமணி சுமார் 0.12 கிராம். அப்படிப் பார்த்தால் ஒரு நெல்லெடை 30 மில்லிகிராம். இன்றைக்கு ஒரு நெல்மணியை நிறுத்தாலும் ரகத்தைப் பொறுத்து 20 முதல் 30 மில்லிகிராம் வரும். பெரியவர்கள் கண்ணளவில் போட்ட கணக்கு அவ்வளவு சுத்தம்!

தங்கத்தை மூட்டைக் கணக்கில் யாரும் நிறுப்பதில்லை, நெல்லைக் குன்றிமணியில் நிறுப்பதும் இல்லை. பவுன் என்றால் 8 கிராம், மூட்டை என்றால் நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ. ஒவ்வொரு பொருளுக்கும் கைக்கு வாகான ஓர் அலகு. அணுவுக்கும் அப்படித்தான். அணுவைக் கிலோவில் சொன்னால் பூஜ்ஜியம் எழுதியே கை ஓய்ந்துவிடும். அதனால் அணுவுக்கென்றே ஒரு குன்றிமணி செய்துகொண்டார்கள்.

அணுவின் குன்றிமணி: 'யு'

அதன் பெயர் அணு நிறை அலகு. சுருக்கமாக 'யு'. வேதியியல், உயிரியல்காரர்கள் இதையே டால்டன் என்பார்கள். இரண்டும் ஒன்றுதான், குழம்ப வேண்டாம்.

வரையறை எளிது. கார்பன்-12 அணு ஒன்றின் நிறையைப் 12 சம பங்காக்கினால் ஒரு பங்கு 1 யு. 1961-க்கு முன்பு இதற்கு ஆக்சிஜனை வைத்திருந்தார்கள். அதிலும் இயற்பியலாளர்கள் ஒரு கணக்கு, வேதியியலாளர்கள் வேறு கணக்கு என்று இரண்டு தராசு ஓடிக்கொண்டிருந்தது. சண்டையைத் தீர்த்து வைத்தது கார்பன்-12.

கிராமில் சொன்னால்:

1 யு = 1.66054 × 10⁻²⁴ கிராம்

கிலோகிராமில் சொன்னால்:

1 யு = 1.66054 × 10⁻²⁷ கிலோகிராம்

முன்னால் இருக்கும் எண் ஒன்றேதான், அடுக்கு மட்டும் 24, 27 என்று மாறுகிறது. சறுக்கல் விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பிளஸ் டூ புத்தகத்தில் கிலோகிராம் கணக்கில் 27 என்று படித்துவிட்டு, மனப்பாடமாக 'பத்தின் அடுக்கு மைனஸ் 27 கிராம்' என்று எழுதிவிடுவோம். இந்தக் கட்டுரையின் முதல் வரைவில் நானே அப்படித்தான் அடித்திருந்தேன். விளைவு? எல்லா விடையும் ஆயிரம் மடங்கு தப்பு. திரும்பச் சரிபார்த்தபோது கண்ணில் பட்டது, நல்லவேளை.

அடுக்குகள் பிடிக்காதவர்களுக்குப் பெயர்களும் இருக்கின்றன. கிராமை ஆயிரம் பங்காக்கினால் மில்லி, அதை ஆயிரமாக்கினால் மைக்ரோ, பிறகு நானோ, பிக்கோ, ஃபெம்டோ, அட்டோ, செப்டோ, யோக்டோ. ஒவ்வொரு படியும் ஆயிரத்தில் ஒரு பங்கு. 1 யு என்பது 1.66 யோக்டோகிராம். எலக்ட்ரான் அதற்கும் கீழே போய்விடுவதால், 2022 நவம்பரில் பன்னாட்டு எடை அளவை மாநாடு ரோண்டோ, குவெக்டோ என்று இன்னும் இரண்டு படிகளைச் சேர்த்தது. ஓர் எலக்ட்ரானின் நிறை 0.91 ரோண்டோகிராம்.

இனி நெல்லுக்குள் போகலாம்

உயிரோடு இருக்கும் எந்தச் செடிக்குள்ளும் இருக்கும் கார்பனில் பெரும்பாலானது சாதாரண கார்பன்-12. கொஞ்சம் கார்பன்-13. அப்புறம் துளியிலும் துளியாக கார்பன்-14. வானில் காஸ்மிக் கதிர்கள் நைட்ரஜனோடு மோதும்போது உண்டாகும் இந்தக் கார்பன்-14, காற்றில் கலந்து, ஒளிச்சேர்க்கை வழியே தாமிரபரணிக் கரை வயலில் நின்ற நெல்லுக்குள்ளும் போனது. அதன் அளவு லட்சம் கோடி கார்பன் அணுக்களுக்கு ஏறக்குறைய 1.2 அணு.

செடியை அறுத்த அன்றைக்கு வரவு நின்றுவிடும். செலவு மட்டும் நிற்காது. கார்பன்-14 மெல்ல மெல்ல நைட்ரஜனாக மாறிக்கொண்டே இருக்கும். 5,730 ஆண்டுகளில் பாதி காலியாகிவிடும். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தால் எப்போது அறுத்தார்கள் என்று தெரிந்துவிடும். 1940-களின் கடைசியில் வில்லார்டு லிபி கொண்டுவந்த முறை இது. 1960-ல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது இதற்காகத்தான்.

சரி, எவ்வளவு மிச்சம் இருக்கும்? கையாலேயே போட்டுப் பார்த்துவிடலாம்.

இன்றைய ஆய்வகத்துக்கு 1 மில்லிகிராம் சுத்தமான கார்பன் இருந்தாலே போதும். நன்றாகக் கிடைத்தால் ஒரு நெல்மணியே அதற்குப் போதும். அந்த 1 மில்லிகிராமை முதலில் 'யு'வுக்கு மாற்ற வேண்டும். 0.001 கிராமை 1.66054 × 10⁻²⁴ ஆல் வகுத்தால் 6.02 × 10²⁰ யு. ஒரு கார்பன் அணு 12 யு என்பதால் இன்னொரு முறை 12-ஆல் வகுக்க, 5 × 10¹⁹ அணுக்கள். நம்ம கணக்கில் 5 லட்சம் கோடி கோடி.

லட்சம் கோடிக்கு 1.2 என்று பார்த்தோம் இல்லையா? அப்படியானால் அறுவடை நாளில் அந்த 1 மில்லிகிராமில் இருந்த கார்பன்-14 அணுக்கள் சுமார் 6 கோடி. 3,200 ஆண்டுகள் ஆனபிறகு ஏறக்குறைய 68 சதவீதம், அதாவது 4.1 கோடி மிஞ்சும்.

4.1 கோடி என்றதும் நிறைய இருக்கிறதே என்று தோன்றலாம். எடையைப் பாருங்கள். ஒரு கார்பன்-14 அணு 14.003 யு. அதைக் கிராமாக்கி 4.1 கோடியால் பெருக்கினால் 9.5 × 10⁻¹⁶ கிராம் வருகிறது. ஒரு ஃபெம்டோகிராமைவிடக் கொஞ்சம் கம்மி.

ஒரு ஃபெம்டோகிராம் என்றால் எவ்வளவு? ஒரே ஒரு கொரோனா வைரஸின் எடை ஏறக்குறைய அதுதான். குமரகுருபரர் பிறந்த ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்திலே 3,200 ஆண்டுகளுக்கு முன் நெல் விளைந்தது என்பதற்கு அந்த 1 மில்லிகிராம் கார்பன் சொல்லும் சாட்சியின் மொத்த எடை ஒரு வைரஸ் அளவு. இதைத்தான் எண்ணுகிறார்கள்.

இங்கே ஒரு நேர்மையான குறிப்பு. நான் முதலில் செய்த 27-க்கும் 24-க்குமான தப்பு, நெல்லின் வயதை மாற்றிவிடாது. வயது என்பது விகிதத்திலிருந்து வருவது. மேலேயும் கீழேயும் ஒரே தப்பு இருந்தால் அடிபட்டுப் போய்விடும். ஆனால் எத்தனை அணு இருக்கிறது, எவ்வளவு மாதிரி எடுத்து அனுப்ப வேண்டும் என்ற கணக்கு தலைகீழாகிவிடும். 4 கோடிக்குப் பதில் 4,000 கோடி இருப்பதாக நினைத்து, மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும் என்று அனுப்பினால், எண்ண ஒன்றும் இருக்காது. தாழிக்குள் கிடைத்ததோ திரும்பக் கிடைக்காத பொருள்.

ஒரு நாளைக்கு 14 'டிக்'

லிபி காலத்து முறையில் அணுக்களை நேரடியாக எண்ண மாட்டார்கள். அவை நைட்ரஜனாக மாறும்போது வெளியே தெறிக்கும் எலக்ட்ரானை ஒரு கருவி 'டிக்' என்று பதிவு செய்யும். ஒரு கிராம் புதிய கார்பனில் நிமிடத்துக்கு 14 டிக் வரை கேட்கும்.

நம்மிடம் இருப்பதோ மில்லிகிராம். 4.1 கோடி அணுக்களில் ஓர் ஆண்டு முழுவதும் சிதைவது சுமார் 5,000 மட்டும்தான். ஒரு நாளைக்கு 14 டிக்! எண்ணி முடிப்பதற்குள் கருவிக்கே வயசாகிவிடும். அந்தக் காலத்தில் கிராம் கணக்கில் மாதிரியை எரித்ததற்குக் காரணம் இதுதான். கைப்பிடி கைப்பிடியாக நெல்லை எரித்திருக்க வேண்டும். 1970-களின் கடைசியில் வந்த முடுக்கி நிறைமாலை முறை, சிதைவுக்குக் காத்திருக்காமல் அணுக்களையே ஒவ்வொன்றாகப் பிடித்து எண்ணுகிறது. சிவகளை நெல்லுக்குச் செய்தது இந்தச் சோதனை.

அந்த முறைக்குப் போவதற்கு முன்னால் மூன்றாவது அலகைப் பார்த்துவிடலாம். கார்பன்-14 ஏன் சிதைகிறது என்பதற்கான பதில் அங்கேதான் இருக்கிறது.

நிறையை 'வோல்ட்'டில் சொல்வார்களா?

சொல்வார்கள். ஓர் எலக்ட்ரான் ஒரு வோல்ட் மின்னழுத்த வேறுபாட்டைக் கடக்கும்போது பெறும் ஆற்றல் ஓர் எலக்ட்ரான் வோல்ட். இது ஆற்றலின் அலகு, நிறையின் அலகு அல்ல. ஆனால் ஐன்ஸ்டீன் கணக்குப்படி ஆற்றல் என்பது நிறையை ஒளிவேகத்தின் இருமடியால் பெருக்கியது. ஆகவே ஆற்றலை அதே இருமடியால் வகுத்தால் நிறை கிடைத்துவிடும். முறைப்படி 'ஒளிவேகத்தின் இருமடியால் வகுத்த மெகா எலக்ட்ரான் வோல்ட்' என்று முழுசாகச் சொல்ல வேண்டும். இயற்பியல்காரர்கள் சோம்பல்பட்டு வாலை வெட்டிவிட்டுப் பேசுவார்கள். புதிதாகப் படிப்பவர்கள் முழிப்பது இதனால்தான்.

மாற்றிப் பார்ப்போம். 1 யு என்பது 1.66054 × 10⁻²⁷ கிலோகிராம். ஒளிவேகம் விநாடிக்கு 29,97,92,458 மீட்டர், அதன் இருமடி 8.98755 × 10¹⁶. இரண்டையும் பெருக்கினால் 1.49242 × 10⁻¹⁰ ஜூல். ஒரு மெகா எலக்ட்ரான் வோல்ட் என்பது 1.60218 × 10⁻¹³ ஜூல். அதனால் வகுத்தால்:

1 யு = 931.494 மெகா எலக்ட்ரான் வோல்ட்

பிளஸ் டூ மாணவர்கள் 931 என்று மனப்பாடம் செய்கிற எண் இதுதான். வானத்திலிருந்து குதிக்கவில்லை. கவனியுங்கள், இங்கே கட்டாயம் கிலோகிராமைத்தான் போட வேண்டும். கிராமைப் போட்டால் ஜூல் வராது.

இப்போது அந்தச் சிதைவு. அட்டவணைப்படி கார்பன்-14 அணுவின் நிறை 14.003242 யு. அது மாறி உருவாகும் நைட்ரஜன்-14 அணுவின் நிறை 14.003074 யு. வித்தியாசம் 0.000168 யு. 931.494-ஆல் பெருக்கினால் 0.156 மெகா எலக்ட்ரான் வோல்ட். தாய் அணு மகளைவிட இந்தத் துளி அளவு கனம். அந்தக் கூடுதல் நிறைதான் ஆற்றலாகி, எலக்ட்ரானையும் எதிர்நியூட்ரினோ என்ற துகளையும் வெளியே தள்ளுகிறது. இந்த 0.000168 இல்லாவிட்டால் கார்பன்-14 சிதையாது. சிதையாவிட்டால் 1155-ம் இல்லை.

இந்தக் கணக்கில் இரண்டு குழிகள் உண்டு.

முதல் குழி, எண்ணைச் சுருக்குவது. 'மூன்று தசமம் போதும்' என்று இரண்டையும் 14.003 என்று எழுதிவிட்டால் வித்தியாசம் பூஜ்ஜியம். மற்ற கணக்குகளில் தசமத்தைச் சுருக்குவது சிக்கனம், இங்கே சுருக்கினால் விடையே காணாமல் போய்விடும். கழித்து முடிக்கும் வரை ஆறு தசமத்தையும் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது குழி கொஞ்சம் ஆழம். வெளியே வரும் எலக்ட்ரானுக்கும் நிறை உண்டே, 0.000549 யு, அதாவது 0.511 மெகா எலக்ட்ரான் வோல்ட். அதையும் கழிக்க வேண்டாமா என்று தோன்றும். கழித்துப் பாருங்கள், 0.156-லிருந்து 0.511 போனால் மைனஸ்! சிதைவே நடக்காது என்று கணக்கு சொல்லும். ஆனால் நடக்கிறதே?

விஷயம் என்னவென்றால், அட்டவணையில் இருப்பது அணுவின் நிறை, அணுக்கருவின் நிறை அல்ல. கார்பன் அணுவில் 6 எலக்ட்ரான், நைட்ரஜன் அணுவில் 7. அந்த ஏழாவது எலக்ட்ரான் நைட்ரஜன் கணக்கில் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. மறுபடியும் கழித்தால் ஒரே செலவை இரண்டு முறை எழுதியது மாதிரி. மளிகைக் கணக்கிலும் இந்தத் தப்பு நடக்கும், அதனால் வெட்கப்பட ஒன்றுமில்லை. அட்டவணையில் 'அணு' என்று போட்டிருக்கிறதா, 'அணுக்கரு' என்று போட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டால் போதும்.

40 கிலோ மூட்டையில் 20 நெல்மணி

இப்போது அந்த இயந்திரம். அதன் வேலை, 14 யு எடையுள்ள கார்பன் அணுக்களை மட்டும் பிரித்து எண்ணுவது. சிக்கல் என்னவென்றால், 14 யு எடையில் கார்பன்-14 மட்டும் இல்லை. ஜாடையில் ஒத்துப்போகும் பங்காளிகள் மூன்று பேர் கூடவே வருவார்கள்:

கார்பன்-14: 14.003242 யு
நைட்ரஜன்-14: 14.003074 யு
கார்பன்-13-உடன் ஒரு ஹைட்ரஜன்: 14.011180 யு
கார்பன்-12-உடன் இரண்டு ஹைட்ரஜன்: 14.015650 யு

கீழே உள்ள இரண்டும் பரவாயில்லை. அவற்றுக்கும் கார்பன்-14-க்கும் உள்ள வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்றை ஒட்டி வருகிறது. ஆனால் நைட்ரஜன்? 83,000-ல் ஒரு பங்குதான் வித்தியாசம். இரண்டு 40 கிலோ நெல் மூட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் மட்டும் ஏறக்குறைய 20 நெல்மணி கூடுதலாக இருக்கிறது, எது என்று சொல்லு என்பது மாதிரி. அதுவும் காற்றில் முக்கால்வாசிக்கு மேல் நைட்ரஜன். துளி உள்ளே கசிந்தாலும் கார்பன்-14-ஐ மூழ்கடித்துவிடும்.

இதற்கு விஞ்ஞானிகள் கண்டுபிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. தராசை இன்னும் கூர்மையாக்க அவர்கள் மெனக்கெடவில்லை. நைட்ரஜனின் குணத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள். மாதிரியைக் கிராஃபைட்டாக்கி, சீசியம் அயனிகளால் மோதி, எதிர்மின் அயனிகளாக வெளியே எடுக்கிறார்கள். கார்பன் கூடுதல் எலக்ட்ரானை வாங்கி வைத்துக்கொள்ளும். நைட்ரஜனால் அதை நிலையாக வைத்துக்கொள்ள முடியாது. வாசலிலேயே உதிர்ந்துவிடுகிறது. 83,000-ல் ஒன்று என்ற சிக்கலை எடை போடாமலேயே தீர்த்துவிட்டார்கள்!

அடுத்து முடுக்கியில் வேகமெடுத்து வரும் அயனிகளை மெல்லிய வாயு அல்லது கார்பன் படலம் வழியே பாய்ச்சி, எலக்ட்ரான்களை உரித்தெடுக்கிறார்கள். அதில் ஹைட்ரஜனோடு ஒட்டிக்கொண்டிருந்த மூலக்கூறுகள் உடைந்து சிதறிவிடும். பிறகு காந்தம் எடைக்கேற்ப வளைத்துப் பிரிக்க, கடைசியில் உணர்வியை வந்து தட்டும் ஒவ்வொரு கார்பன்-14-ஐயும் எண்ணிக்கொள்கிறார்கள். பக்கத்திலேயே கார்பன்-12, 13 அளவும் எடுக்கப்படும். விகிதம் கிடைத்துவிட்டது.

இந்த வகை முடுக்கிகள் இந்தியாவிலும் இருக்கின்றன. டெல்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையத்திலும், அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்திலும் கார்பன்-14 அளக்கிறார்கள்.

ஒரு கோடி அணுவில் 2,200 ஆண்டு

2025 ஜனவரி 23 அன்று 'இரும்பின் தொன்மை' என்ற ஆய்வறிக்கையைத் தமிழக அரசு வெளியிட்டது ஞாபகம் இருக்கலாம். பேராசிரியர் கா.ராஜன், தொல்லியல் துறையின் இரா.சிவானந்தம் ஆகியோர் எழுதியது. அதே சிவகளையில் கிடைத்த மாதிரிக்கு கி.மு. 3345 வரை காலம் சொல்லப்பட்டது. இந்தியா முழுக்கப் பேசப்பட்டது. எதிர்ப்புக் குரலும் வந்தது.

நம் கணக்கை இங்கேயும் ஓட்டிப் பார்க்கலாம். கி.மு. 3345 என்றால் இன்றைக்கு 5,370 ஆண்டுகள். 1 மில்லிகிராம் கார்பனில் 6 கோடியாக இருந்தது 3.1 கோடியாகக் குறைந்திருக்கும். நெல்லில் 4.1 கோடி, இதில் 3.1 கோடி. கிட்டத்தட்ட 2,200 ஆண்டு இடைவெளியும் அந்த ஒரு கோடி அணுவில்தான் அடங்கியிருக்கிறது. அதன் எடை 2.3 × 10⁻¹⁶ கிராம். ஃபெம்டோகிராமில் கால் பங்குகூட இல்லை.

இவ்வளவு சின்ன எடை என்றால் ஏதாவது அழுக்கு கலந்து கணக்கு கெட்டுவிடாதா? கெடும். அதனால்தான் ஆய்வகத்தில் அமிலத்தாலும் காரத்தாலும் மாதிரியைக் கழுவிக் கழுவி எடுக்கிறார்கள். எவ்வளவு கெடும் என்பதையும் போட்டுப் பார்த்தேன். 5,370 ஆண்டு பழைய கரியில் நூற்றில் ஒரு பங்கு இன்றைய கார்பன் கலந்துவிட்டால், வயது சுமார் 75 ஆண்டு குறைவாகக் காட்டும். கவனிக்க வேண்டிய அளவுதான். ஆனால் 2,200 ஆண்டு இடைவெளியை அது விழுங்கிவிடாது. இன்னொன்று, புதிய கார்பன் கலந்தால் பொருள் இளமையாகத் தெரியுமே தவிர கிழடாகத் தெரியாது.

மேலே நான் போட்ட கணக்கு கைக்கணக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். காற்றில் கார்பன்-14 அளவு எல்லா நூற்றாண்டிலும் ஒரே மாதிரி இருந்ததில்லை. அதனால் மரங்களின் ஆண்டு வளையங்களை வைத்துத் தயாரித்த அட்டவணையோடு ஒப்பிட்டுத் திருத்திய பிறகுதான் கி.மு. ஆண்டு வரும். வருவதும் ஒற்றை ஆண்டு அல்ல, இந்த ஆண்டுக்கும் அந்த ஆண்டுக்கும் நடுவே என்ற வீச்சுதான். தலைப்புச் செய்தியில் 1155 என்று ஒற்றை எண் போடுவது எங்களைப் போன்றவர்களின் வசதிக்கு.

ஆகவே சிவகளைக் காலக்கணிப்பைக் கேள்வி கேட்க விரும்புபவர்கள் தாராளமாகக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் 'அணுவையெல்லாம் எப்படி எடை போட முடியும்' என்பது பலவீனமான கேள்வி. அந்தப் பகுதி உறுதியாக இருக்கிறது. தொல்லியலாளர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி வேறு. கரியும் இரும்பும் ஒரே நாளில்தான் தாழிக்குள் போனதா? மண் அடுக்கு கலையாமல் இருந்ததா? எரித்த மரமே அன்றைக்கு எத்தனை ஆண்டு கிழட்டு மரம்? இதற்கெல்லாம் பதில் முடுக்கியில் கிடைக்காது. தோண்டியவர்களின் குறிப்பேட்டில்தான் இருக்கும்.

நெல்லுக்கு இந்தக் கடைசிச் சிக்கல் கிடையாது என்பதுதான் அதன் விசேஷம். மரம் நூறு ஆண்டு நிற்கும், அதன் உள்வயிரம் வெட்டுவதற்கு முன்பே பழசாகியிருக்கும். நெல் ஒரே பூவில் விளைந்து ஒரே பூவில் அறுபடும். அதற்குள் போன கார்பன்-14 அந்த ஒரு பருவத்துக் காற்றில் இருந்தது.

பிளஸ் டூ படிக்கும் தம்பி தங்கைகளுக்கு

தேர்வில் இந்தக் கணக்கு வந்தால் நினைவில் வைத்துக்கொள்ள மூன்று எண் போதும். 1 யு-வுக்கு 1.66 × 10⁻²⁷ கிலோகிராம், 1 யு-வுக்கு 931 மெகா எலக்ட்ரான் வோல்ட், எலக்ட்ரானுக்கு 0.511 மெகா எலக்ட்ரான் வோல்ட். கேள்வியில் 'எத்தனை அணு' என்று இருந்தால் கிராமை யு-வாக்குங்கள். 'எவ்வளவு ஆற்றல்' என்று இருந்தால் யு-வை மெகா எலக்ட்ரான் வோல்ட்டாக்குங்கள். ஜூலில் கேட்டிருந்தால் மட்டும் கிலோகிராமுக்குப் போங்கள். விடையைச் சரிபார்க்க, புரோட்டானை ஒரு முறை மாற்றிப் பாருங்கள். 1.007276 யு, 938.27 மெகா எலக்ட்ரான் வோல்ட், 1.6726 × 10⁻²⁷ கிலோகிராம். மூன்றும் ஒத்துவந்தால் உங்கள் மாற்று எண்கள் சரி. ஒத்துவராவிட்டால் பெரும்பாலும் அந்த 24-27 விவகாரமாகத்தான் இருக்கும்.